முறிந்த பழைய தூண்டில் கோலைப் பழுது பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பொருள்களில் சில சமயம் ஒரு தூண்டில் கோலும் இருக்கும். நீலகிரித் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்ததாகவோ, துறைமுகத்தில் பணிபுரிந்த தாத்தா கப்பல்காரரிடம் வாங்கியதாகவோ அதற்கு ஒரு கதை இருக்கும். கோல் மட்டும் அநேகமாக முறிந்துதான் இருக்கும். அத்தகைய கோல்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கோலின் துண்டுகளைச் செருகி இணைக்கும் உலோகக் குழலைப் பூண் என்று குறிப்பிடுகிறேன். உள்ளே செல்வது ஆண் பூண், அதை ஏற்பது பெண் பூண்.

என் கோல் எதனால் செய்யப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கோலைக் குறுக்குவாட்டில் பாருங்கள். அறுகோண வடிவில் இருந்து, ஒவ்வொரு முனையிலும் மெல்லிய ஒட்டுக்கோடு நீளவாக்கில் ஓடினால், அது பிளவு மூங்கில் கோல். முக்கோண வடிவில் சீவிய ஆறு மூங்கில் பட்டைகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் 1872-இல் தொடங்கப்பட்ட ஹார்டி நிறுவனம் 'பாலக்கோனா' என்ற பெயரில் விற்றவை இவ்வகையே. தொடக்க காலத்தில் இக்கோல்களுக்கு இந்தியாவிலிருந்து சென்ற 'கல்கத்தா மூங்கில்' பயன்பட்டது. பின்னர் தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

உருண்டையாக, கருத்த பழுப்பு நிறத்தில், கனமாக இருந்தால் அது தென்னமெரிக்காவின் கயானாப் பகுதியில் விளையும் கிரீன்ஹார்ட் மரமாக இருக்கலாம். அம்மரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் படக்கென்று முறியக்கூடியது. உருண்டையாகவும் உள்ளே பொள்ளலாகவும் இருந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்திலோ மங்கிய வெள்ளையிலோ ஒளி ஊடுருவினால் அது ஃபைபர் கிளாஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய பொருள் இது. 1950-இன் இறுதியில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு விதித்த தடையால் டோங்கின் மூங்கில் வரத்து நின்றுபோனதும் அதன் பரவலை விரைவுபடுத்தியது. உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி ஃபைபர் கிளாஸ் கோல்களும் உண்டு. அவை கனமானவை, எளிதில் முறியாதவை.

இந்த ஊர் வீடுகளில் ஆங்கிலேயக் கோல்கள் அகப்படுவதில் வியப்பில்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் இந்திய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது குறித்து 1873-லேயே விரிவான நூல் எழுதியவர். நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரௌட் மீன் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் ஏற்பட்டது. அந்த ஓடைகளுக்காகக் கப்பலேறி வந்த, ஈயைப் போன்ற செயற்கை இரையை வீசுவதற்கான மெல்லிய ஈத்தூண்டில் கோல்கள், உரிமையாளர்கள் ஓய்வு பெற்றுச் சமவெளிக்கு இறங்கியபோது அவர்களுடனேயே இறங்கின.

பழுது பார்ப்பதா, அப்படியே வைத்திருப்பதா?

மீன் பிடிக்க வேண்டும் என்றால் பழுது பாருங்கள்; சுவரில் மாட்டத்தான் என்றால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு மேலே மையால் எழுதப்பட்ட பெயரோ, ரீல் பொருந்தும் இடத்தில் பொறிக்கப்பட்ட முத்திரையோ இருந்தால், அந்தப் பகுதியில் உப்புத்தாளைக் கொண்டுபோகவே கூடாது. சேகரிப்பாளர்கள் பழைய வார்னிஷையும், இழை ஓடும் வளையங்களைக் கோலோடு பிணைக்கும் பழைய நூல் கட்டுகளையும் மதிப்பவர்கள். புதிதுபோல் மினுக்கிய கோலுக்கு அவர்களிடம் விலை குறையும். கிரீன்ஹார்ட் கோல் நடுவில் முறிந்திருந்தால் நான் பொதுவாக ஒட்டச் சொல்வதில்லை. மரம் ஓரிடத்தில் முறிந்திருந்தால் மற்ற இடங்களிலும் களைத்திருக்கும்.

ஃபெவிக்விக், எம்-சீல், இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டினால் என்ன?

தயவு செய்து வேண்டாம். கோல் வளைவதற்காகவே செய்யப்பட்டது. அடியிலிருந்து நுனி வரை மெல்ல மெல்ல ஒடுங்குவதால் இழுவிசை முழு நீளத்திலும் பரவுகிறது. முறிந்த இடத்தில் விறைப்பான எதையாவது திணித்தால் அந்த இடம் வளைய மறுக்கும். வளைவு முழுவதும் விறைப்பு முடிகிற விளிம்பில் போய்க் குவியும். அடுத்த மீனில் கோல் அங்கே முறியும். புரசைவாக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த கோலின் நுனித் துண்டை வெளிச்சத்தில் பார்த்தபோது, யாரோ முன்பே உள்ளே ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியைச் செருகி ஒட்டியிருந்தது தெரிந்தது. ஒட்டிய இடம் இன்னும் உறுதியாகத்தான் இருந்தது. கம்பியின் மேல்முனை எங்கே முடிந்ததோ, கீழ்முனை எங்கே முடிந்ததோ, அந்த இரண்டு இடங்களிலும்தான் கோல் விண்டிருந்தது.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகள் காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுடையவை; வளைவைத் தாங்கா. எம்-சீல் குழாய்க் கசிவுக்கானது. டேப்பின் அடியில் ஈரம் தங்கும். அதன் பிசினைத் துடைத்தெடுப்பதே பிறகு தனி வேலையாகிவிடும். இப்பக்கத்தில் பசை என்று எங்கு சொன்னாலும், இரண்டு குழாய்களில் வரும், முழுமையாக இறுக ஒரு நாள் எடுக்கும் எபாக்ஸியையே குறிக்கிறேன். கடைகளில் அரால்டைட் என்று கேட்டால் கிடைக்கும். ஐந்து நிமிட வகையை வாங்காமல் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள்.

நுனியில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் முறிந்துவிட்டது. என்ன செய்வது?

இதுதான் மிகவும் அடிக்கடி வரும் பழுது; ஹாலில் கோலைப் பூட்டி அழகு பார்க்கும்போது சீலிங் ஃபேன் அடித்து நடந்ததாகவே பாதிப்பேர் சொல்கிறார்கள். முறிந்த சிறு துண்டை மறந்துவிடுங்கள். அதன் முனையில் இருக்கும் நுனி வளையத்தை லைட்டர் சுடரில் சில நொடிகள் தூரமாகக் காட்டினால் பழைய பசை இளகும், இடுக்கியால் வளையம் கழன்றுவரும். கோலின் முறிந்த முனையை நுண்பல் ரம்பத்தால் சமமாக அறுத்து, விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். முறிந்த இடம் பழைய நுனியைவிடத் தடிமனாக இருப்பதால் பழைய வளையத்தின் குழல் பொருந்தாது. அந்த அளவுக்குரிய புது வளையம் தேவைப்படும். வளையம் பொருந்துவதற்காகக் கோலைச் சீவாதீர்கள். குறிப்பாக, மூங்கிலின் வலிமை முழுவதும் வெளிப்புறத் தோலை ஒட்டிய நார்களில்தான் இருக்கிறது.

ஃபைபர் கிளாஸ் கோல் நடுவில் முறிந்துவிட்டது. ஒட்டினால் தாங்குமா?

சரியாகச் செய்தால் தாங்கும். பொள்ளலான கோலின் உள்ளே ஒரு செருகு குச்சியை வைத்து, இரண்டு துண்டுகளையும் அதன்மேல் சேர்த்து ஒட்டி, வெளியே நூல் கட்டுவதே முறை. குச்சி எதனாலானது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. முறிந்த வேறொரு ஃபைபர் கிளாஸ் கோலின் துண்டோ, கெட்டி ஃபைபர் கிளாஸ் கம்பியோ சரியாக வரும். எஃகும் பித்தளையும் ஆகாது. ஆகவே எந்த முறிந்த கோலையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக வெளிறிய பகுதி தெரியும். கண்ணாடி நார்கள் பிசினை விட்டுப் பிரிந்ததன் அடையாளம் அது. நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால் விரிசல் முடியும் வரை அறுத்துவிட வேண்டும். ஓரிரு அங்குல நீளம் குறைவதால் கோலுக்குப் பெரிய கேடு இல்லை. கண்ணாடி நாரின் தூள் தோலிலும் மூச்சிலும் கெடுதல் செய்வது. ஆகவே அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள், ஈர உப்புத்தாளையே பயன்படுத்துங்கள்.

கோல் நுனியை நோக்கி ஒடுங்குவதால், செருகு குச்சியையும் அதே ஒடுக்கத்தில் தேய்த்து, கீழ்த்துண்டின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே நழுவவிட வேண்டும். முறிந்த வாயில் அது இறுகி நிற்கும்போது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் மேல்துண்டைச் செருகலாம். அடிப்பக்கத்தைப் பூணோ கைப்பிடியோ அடைத்திருந்தால், ஒரே தடிமனுள்ள குச்சியை முறிந்த வாய் வழியாகவே விட வேண்டியிருக்கும். அப்போது கீழ்த்துண்டில் உள்ள பாதி சற்றுத் தொளதொளவென்று நிற்கும் என்பதால், ஒட்டுவதற்கு முன் அந்தப் பாதியில் மெல்லிய நூலைச் சுற்றித் தடிமனைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சாதாரண கரையோரக் கோலுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அங்குலம் உள்ளே இருந்தால் போதும். குச்சியின் இரு முனைகளையும் பென்சில் முனையைப் போலச் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். விறைப்பு சட்டென்று முடியாமல் படிப்படியாகக் குறைவதற்காகவே இது. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

பசை போடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே செருகிப் பார்த்து, வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருமாறு பென்சிலால் குறியிடுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் அசையாமல் வைத்து, மறுநாள் முறிந்த இடத்தின் மேலும் கீழுமாக, செருகு குச்சி முடியும் இடத்தையும் தாண்டி நூல் கட்டுங்கள்.

மூங்கில் கோலின் ஒட்டுக்கோடு திறந்துகொண்டது; பட்டைகள் பிரிகின்றன. ஏன்?

பழைய கோல்களில் பெரும்பாலானவை தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அப்பசை இளகும். சென்னையில் அவை இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன. வார்னிஷ் வெடித்த இடத்தின் வழியாகக் கடற்காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் சில ஆண்டுகளில் பட்டைகள் பிரியத் தொடங்கும்.

ஓரிரு அங்குல நீளத்துக்குப் பிரிந்திருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பிளவை மெல்லிய பிளேடால் ஒரு மயிரிழை மட்டும் விரித்து, உள்ளே இருக்கும் பழைய பசைத்தூளை ஊதி வெளியேற்றி, மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சின் மூலம் பசையை உட்செலுத்துங்கள். பிறகு பருத்தி நூலை முதலில் ஒரு திசையிலும் அதன்மேல் எதிர்த்திசையிலும் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரே திசையில் மட்டும் சுற்றினால் கோல் முறுக்கிக்கொள்ளும். பிதுங்கும் பசையை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, கோலைக் கண்மட்டத்தில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்து, அலுமினியச் சட்டம் ஒன்றில் கட்டி வையுங்கள். நூலின் அடியில் மெழுகு தடவிய தாளைச் சுற்றியிருந்தால் மறுநாள் நூலை எளிதாக உரிக்கலாம்.

கோலின் பாதி நீளத்துக்கும் பிரிந்துவிட்டால், ஆறு பட்டைகளையும் முழுவதுமாகப் பிரித்து மறுபடி ஒட்டுவதே வழி. அது பழகிய கைக்கான வேலை.

மூங்கில் கோல் முழுவதுமாக முறிந்தால்?

மூங்கில் பெரும்பாலும் சிம்பு சிம்பாகத்தான் முறியும். அது நமக்கு நல்லது. நீண்ட சிம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் ஒட்டும் பரப்பு அதிகம். எந்தச் சிம்பையும் பிய்த்தெறியாமல், எல்லாவற்றுக்கும் பசை பூசி, இரு பக்கத்தையும் பொருத்தி, மேலே சொன்னபடி நூலால் இறுக்கினால் பெரும்பாலும் உறுதியாகச் சேரும். பின்னர் அந்த இடம் முழுவதற்கும் பட்டு நூல் கட்டுப் போட வேண்டும்.

குறுக்கே துண்டாக முறிந்திருந்தால் இரு முனைகளையும் நீண்ட சாய்வாகச் சீவி ஒட்டும் சாய்வெட்டு இணைப்புத் தேவை. சாய்வின் நீளம் கோலின் தடிமனைப்போல் பத்து மடங்குக்குக் குறையக்கூடாது. அந்த அளவுக்கு நீளம் குறையும் என்பதால் கோலின் இயல்பும் சற்று மாறும்.

பூணுக்குப் பக்கத்தில் முறிந்து, ஒரு துண்டு பூணுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எடுப்பது எப்படி?

பூண் முடிகிற இடத்தில் விறைப்பு சட்டென்று மாறுவதால் கோல்கள் முறிய விரும்பும் இடமே அதுதான். முதலில் பூணின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். பழைய பூண்களைப் பசையோடு சேர்த்து ஒரு மெல்லிய ஆணியாலும் பூட்டியிருப்பார்கள். அந்த ஆணியை எடுக்காமல் இழுத்தால் பூண் கிழியும். ஆணியைத் தட்டி எடுத்தபின், உள்ளே இருக்கும் துண்டில் ஒரு சிறு திருகாணியை ஏற்றி, பூணை ஸ்பிரிட் விளக்கில் இதமாகச் சூடாக்கி, திருகாணியைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். காஸ் அடுப்பில் காட்டாதீர்கள். பூண் ஜெர்மன் சில்வராக இருந்தால் நிறம் மாறும், அருகில் இருக்கும் மூங்கிலின் பசையும் இளகும்.

பூணைக் காலி செய்தபின், கோலின் புது முனையை அதன் உள் அளவுக்குப் பொருத்த வேண்டும். அறுகோணத்தின் முனைகளை மட்டும் மென்மையாக உருட்டித் தேய்த்தால் போதும். புது முனை சற்று மெலிந்திருந்தால் நூல் சுற்றித் தடிமனாக்கி எபாக்ஸியில் பதியுங்கள். பூணின் விளிம்பிலிருந்து மூங்கிலின்மேல் ஏறிச் செல்லுமாறு நூல் கட்டு போடுவதை மறக்கக்கூடாது. விளிம்பில் வரும் விறைப்பைத் தணிப்பது அதுதான்.

ஆண் பூணும் பெண் பூணும் இறுகிப் பிரிய மறுக்கின்றன.

முறுக்காதீர்கள். பூண் சுழலும்போது அதற்குள் ஒட்டியிருக்கும் மூங்கில் சேர்ந்து முறுகிப் பிளக்கும். இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையை ஒரு துண்டிலும் மறு கையை மற்றத் துண்டிலும் வைத்து நேராக இழுப்பதே பழைய முறை. ஆண் பூணின் பக்கத்தில் ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் வைத்தால் அது சற்றுச் சுருங்கிக் கொடுக்கும். பூணின் விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பதும் பலன் தரும்.

பூண் தொளதொளவென்று இருக்கிறது. லேத் பட்டறையில் புதிதாகச் செய்யலாமா?

செய்யலாம். புதுப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் அம்பத்தூர்ப் பக்கமும் சிறிய லேத் பட்டறைகள் உண்டு. பழைய பூணைக் கையில் கொடுத்து, பித்தளையில் ஆண் பூணை மட்டும் சற்றே பெரிதாகக் கடைந்து தரச் சொல்லிப் பின்னர் நீங்களே பொறுமையாகத் தேய்த்துப் பொருத்திக்கொள்வது நல்லது. ஆனால் அதற்கு முன் பெண் பூணின் உட்புறத்தை மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சால் சுத்தம் செய்து பாருங்கள். பல ஆண்டு அழுக்கு ஓரிடத்தில் கட்டியாகச் சேர்ந்து ஆண் பூணை முழுவதும் உள்ளே போக விடாமல் தடுப்பதே தொளதொளப்பாகத் தெரியும். பெண் பூணைக் குறடால் நசுக்கி இறுக்கும் வேலை வேண்டாம். அது முட்டை வடிவமாகிவிட்டால் சரிசெய்ய இயலாது.

நூல் கட்டு போடும் முறையைச் சற்று விளக்க முடியுமா?

எல்லாப் பழுதும் கடைசியில் இங்கேதான் வந்து முடிகிறது. பட்டு நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். பாரிமுனையிலும் தி.நகரிலும் ஆரி வேலைக்கு விற்கும் பட்டு நூலில் முறுக்கு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முறுக்கில்லாத நூல் சுற்றும்போதே பஞ்சாகப் பிரியும். நைலான் நூலும் ஆகும். பழைய கோலில் அதன் பளபளப்பு ஒட்டாமல் தெரியும்.

நூலின் முனையைக் கோலின்மேல் நீளவாக்கில் கிடத்தி, அதன்மேலேயே சுற்றத் தொடங்குங்கள். ஐந்தாறு சுற்றில் முனை அகப்பட்டுவிடும், மீதியை வெட்டிவிடலாம். நூற்கண்டை ஒரு கனமான புத்தகத்துக்குள் வைத்து நூலை அதன் பக்கங்களுக்கு இடையே ஓடவிட்டால் இழுவிசை சீராக இருக்கும். கையால் கோலைச் சுழற்றுங்கள், நூலைச் சுழற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி விழ வேண்டும். இடைவெளி விழுந்தால் கட்டைவிரல் நகத்தால் தள்ளி நெருக்கலாம். முடிவதற்கு ஏழெட்டுச் சுற்றுகள் இருக்கும்போது, தனியாக ஒரு நூலை இரண்டாக மடித்து, அதன் கண் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு கோலின்மேல் வைத்து அதன்மேலேயே சுற்றிச் செல்லுங்கள். கடைசியில் கட்டு நூலை அறுத்து அந்தக் கண்ணுக்குள் நுழைத்து, மடித்த நூலின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், கட்டு நூலின் முனை சுற்றுகளுக்கு அடியில் புகுந்து மறைந்துவிடும். முடிச்சே இருக்காது.

வார்னிஷ் பட்டவுடன் பட்டு நூலின் நிறம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள்: சிவப்பு கருஞ்சிவப்பாகும், வெளிர் நிறங்கள் ஏறக்குறைய கண்ணாடி போல மறையும். பழைய கட்டின் நிறத்துக்கு ஒத்த நூலை வாங்குவதற்கு முன், ஒரு குச்சியில் கட்டி வார்னிஷ் பூசிப் பாருங்கள்.

எந்த மாதத்தில் வார்னிஷ் பூசுவது நல்லது?

வடகிழக்குப் பருவமழை ஓயாத அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால் வார்னிஷ் பால்போல் மங்கும், எபாக்ஸியின்மேல் பிசுபிசுப்பான படலம் படியும். தை முடிந்து மழை ஓய்ந்தபின் தொடங்கி வெயில் காலம் வரை ஏற்ற காலம். வெயில் காலத்துக்கு வேறொரு தொல்லை உண்டு: கலந்த எபாக்ஸி சிறு கிண்ணத்தில் கிடந்தால் தன் சூட்டிலேயே இறுகிவிடும். தட்டையான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, தேவையான அளவு மட்டும் கலந்தால் கைக்கு நேரம் கிடைக்கும்.

மூங்கில் கோலுக்கு மரச்சாமான்களுக்கான பாலியூரித்தேன் வார்னிஷை நீர்க்கக் கலந்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளிவிட்டு அடிக்கலாம். அரக்கு பாலிஷ் பார்க்க அழகானது. ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும் என்பதால் மேல்பூச்சாக ஆகாது. நூல் கட்டின்மேல் எபாக்ஸி பூசுவதானால், அது ஒரு பக்கமாக வழியாமல் இருக்கக் கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் இதற்கு நன்றாக உதவும். அது வீட்டு மின்சாரத்தில் ஓடுவது என்பதால் இணைப்புகளை மின்பணியாளரிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

வளையங்களை மாற்ற வேண்டுமா?

ஒரு பஞ்சை வளையத்தின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். இழை பிடித்துக்கொண்டால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. தங்கூஸை, அதாவது தூண்டில் இழையை, அது அறுத்துவிடும். பழைய கோல்களில் அடி வளையத்திலும் நுனி வளையத்திலும் அகேட் கல் பதித்திருப்பார்கள். கல்லில் விரிசல் இருந்தால் வளையத்தைக் கழற்றி நினைவாக வைத்துக்கொண்டு வேறு போடுங்கள்.

கார்க் கைப்பிடியைக் கரப்பான் பூச்சி கடித்துவிட்டது.

பாட்டில் மூடிக் கார்க்கைத் துருவித் தூளாக்கி, தண்ணீர் தாங்கும் மரப்பசையில் குழைத்துப் பள்ளங்களில் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். முழுவதும் மாற்றத் தேவையில்லை.

வெள்ளத்தில் நனைந்த கோலைக் காப்பாற்ற முடியுமா?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023-இன் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இக்கேள்வி நிறைய வந்தது. சேற்றையும் கழிவுநீரையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, துணியால் ஒற்றி, நிழலில் கிடைமட்டமாக, பல இடங்களில் தாங்கு கொடுத்து உலரவிடுங்கள். அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தால், இளகியிருக்கும் வஜ்ஜிரப் பசையோடு கோல் வில்லாக வளைந்து அப்படியே காய்ந்துவிடும். துணி உறையையும் குழாயையும் தனியே காயவையுங்கள். ஈர உறைக்குள் போட்ட கோல் வெள்ளத்தில் நனைந்த கோலைவிட மோசமாகக் கெடும். ஃபைபர் கிளாஸ் கோலுக்கு வெள்ளம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பூணுக்குள்ளும் ரீல் இருக்கைக்குள்ளும் புகுந்த தண்ணீரை மட்டும் வெளியேற்றுங்கள்.

மூங்கிலிலிருந்து மஞ்சள் தூள் உதிர்கிறது.

உளுத்துக்கொண்டிருக்கிறது. மற்ற கோல்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். துளைகள் ஓரிரண்டு மட்டுமே என்றால் மரப்பூச்சி மருந்தை ஊசியால் ஏற்றி, காய்ந்தபின் துளையைப் பசையால் அடைக்கலாம். விரலால் அழுத்தும்போது உள்வாங்கினால் அது இனி காட்சிக்கு மட்டுமே.

கார்பன் கோலையும் இப்படியே ஒட்டலாமா?

முறை ஒன்றுதான், செருகு குச்சியும் கார்பனாக இருப்பது நல்லது. கார்பன் கோல்கள் 1970-களில் சந்தைக்கு வந்தவை, ஆகவே பழையவை என்று சொல்லத்தக்கவை இன்னும் குறைவு. கார்பன் மின்சாரம் கடத்தும். சென்னையில் ஆற்று முகத்துவாரங்களிலும் ஏரிக்கரைகளிலும் தலைக்கு மேலே மின்கம்பி செல்லும் இடங்களில் இக்கோலை உயர்த்தவே கூடாது. ஈரமான மூங்கில் கோலுக்கும் இது பொருந்தும்.

நானே செய்ய இயலாவிட்டால் யாரிடம் கொடுப்பது?

தூண்டில் கோல் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரைத் தேடுவதைவிட, வயலின் பழுது பார்ப்பவர் ஒருவரைத் தேடுங்கள். வஜ்ஜிரப் பசையின் குணமும், மெல்லிய மரத்தை நோகாமல் பிரித்துச் சேர்க்கும் பக்குவமும் அவருக்குத் தெரியும். தச்சரிடம் கொடுத்தால் அவர் உறுதியாகச் செய்து தருவார்; கோலுக்கு அந்த அளவு உறுதி ஆகாது என்று அவருக்கு விளக்குவது கடினம்.

பழுது பார்த்த கோலை எப்படிச் சோதிப்பது, எதற்குப் பயன்படுத்துவது?

பசை இறுகி ஒரு வாரம் ஆனபின், கோலைப் பூட்டி, இழையை எல்லா வளையங்களின் வழியாகவும் ஓடவிட்டு, முனையை ஒருவரிடம் தரைமட்டத்தில் பிடிக்கக் கொடுங்கள். மெதுவாக உயர்த்தி, வளைவைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். பழுது பார்த்த இடம் வளைவில் தட்டையாகத் தெரிந்தால் அங்கே விறைப்பு மிகுதி. கூராக மடிந்தால் வலு போதவில்லை, இன்னும் சற்று நீளமாக நூல் கட்டு தேவை. கைப்பிடிக்கும் இழைக்கும் இடையே செங்கோணத்தைத் தாண்டி வளைக்காதீர்கள். அதற்கு மேல் நுனி மட்டுமே முழுப் பாரத்தையும் தாங்கும், புதுக் கோல்கூட அப்போது முறியும்.

பழுது பார்த்த மூங்கில் கோல் ஏரியிலும் குளத்திலும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் தாராளமாகப் போதும். முட்டுக்காட்டிலோ அடையாறு முகத்துவாரத்திலோ கொடுவாய்க்கு அதை எடுத்துச் செல்லாதீர்கள். உப்புத் தண்ணீரும் அந்த மீனின் இழுப்பும் சேர்ந்தால் எந்த ஒட்டுவேலையும் நிலைக்காது. கெட்டி ஃபைபர் கிளாஸ் கோலைக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாம். திரும்பியவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, பூண்களைத் துடைத்து, துண்டுகளைத் தனித்தனியே செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் வளைவு நிலைத்துவிடும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள பரணில், கோடை வெப்பத்தில், மூங்கில் கோலைத் திரும்பவும் ஏற்றி வைக்காதீர்கள்.